தேசிங்கு அண்ணன் தொண்டையும் என் ஹார்டு டிஸ்க்கும்

ஒரு பாட்டைத் திறந்தால் அது பாடுகிறது என்றால், பாட்டு அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். நான் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அல்ல. தலை பாதி நரைத்து, முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறைக்கு 'ஒலிப்பதிவுக் கூடம்' என்று பலகை மாட்டி, ஊரில் நாலு பேர் 'சவுண்டு சார்' என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே சவுண்டு சார் ஆகலாம் என்பதற்கு நான் நடமாடும் சாட்சி.

கூடம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சுவரெல்லாம் பழைய மெத்தை. (முதலில் முட்டை அட்டைதான் ஒட்டினேன். எதிரொலி போகவில்லை, கரப்பான்பூச்சி வந்தது.) ஆடித் தள்ளுபடி விளம்பரம், ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு, கோயில் பாட்டு, மாதா பாட்டு, எது வந்தாலும் பதிவு செய்வேன். எல்லாவற்றையும் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைப்பேன். போன வருடம் அந்த டிஸ்க், நெஞ்சில் சளி கட்டியவர் மாதிரி கர் கர் என்று மூச்சு விட ஆரம்பித்தது. வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் எடுத்த ஒரே முடிவு. அதைத்தான் இப்படிக் கெடுத்துக்கொண்டேன்.

அந்தக் கறுப்பு டிஸ்க்கில்தான் தேசிங்கு அண்ணன் இருந்தார்.

தேசிங்கு அண்ணன், காலாப்பட்டைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் இருப்பவர். படகு வேலை போக, அம்மன் பாட்டு கட்டிப் பாடுவார். அவர் தொண்டையைத் திறந்தால் மைக்கை நான் இரண்டடி தள்ளி வைக்க வேண்டும். வருடா வருடம் ஆடி மாதம், உடம்பில் கொக்கி குத்திக்கொண்டு தேர் இழுக்கும் செடல் திருவிழாவுக்கு அவர் பாடினால்தான் குப்பத்தில் தேர் நகரும் என்று பேச்சு. அப்படிப்பட்டவருக்குக் குரல் அவ்வப்போது கம்மத் தொடங்கியது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் சின்னக் கட்டி, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரல் பழைய மாதிரியே வருமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும்; ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் வாயைத் திறக்கவே கூடாது.

அந்த ஒரு மாதத்துக்குள் செடல் வந்தது.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே, தன் பாட்டுகள் அத்தனையையும் என்னிடம் பதிவு செய்துவிடுவது என்று வந்தார். "கொரலு வந்தா எனக்கு. வராட்டி ஆத்தாளுக்கு இதுவாவது இருக்கட்டும்" என்றார். கூடவே உடுக்கை, பம்பை, பின்பாட்டுக்கு இரண்டு பேர், எல்லோருக்கும் மேலாக அவர் மனைவி அஞ்சலாட்சி அக்கா. மீன் கூடையோடு தெருத்தெருவாகக் கூவி விற்கிறவர். கணவரின் குரலுக்கு மைக்கை இரண்டடி தள்ளி வைத்தேன் என்றேனே, அக்கா பேசும்போது மைக்கை அணைத்தே வைத்தேன்.

பதிவு நடந்த அன்று நான் சும்மா இருக்கவில்லை. (சும்மா இருக்கும் வியாதி எனக்கு எப்போதும் வந்ததில்லை.) அண்ணன் உயிரைக் கொடுத்துப் பாடி முடித்ததும், அந்தப் பாட்டை வேகமாக ஓட்டி, அணில் கத்துகிற மாதிரி போட்டுக் காட்டி, "அண்ணே, மைக்குல உங்க கொரலு இப்படித்தான் விழுது, இன்னா பண்றது?" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. பிறகு உண்மையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஆள நம்பாத. பொய் சொல்லும்போது மூஞ்சிய நல்லா வெச்சிக்கிறான்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அண்ணன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் டிஸ்க் மாற்றும் வேலையில் இறங்கினேன்.

புது டிஸ்க்கைப் பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினேன். எல்லா ஃபோல்டரையும் பிடித்து இங்கிருந்து அங்கே இழுத்துவிட்டேன். நடுவில் ஏதோ ஒரு பெட்டி எழும்பி ஆங்கிலத்தில் என்னமோ கேட்டது. படிக்காமல் 'ஸ்கிப்' என்று தட்டினேன். (கேள்வி கேட்பவர்களை அப்படித்தான் கையாள வேண்டும் என்பது என் கொள்கை.) வேலை முடிந்ததும், எச்சரிக்கையான மனிதனாக, புது டிஸ்க்கில் இருந்த தேசிங்கு அண்ணன் பாட்டு ஒன்றைத் திறந்தேன். கணீரென்று பாடியது. இன்னொன்று. அதுவும் பாடியது.

"பாத்தியா, எல்லாம் பத்திரமா வந்துடுச்சி" என்றேன், காபி கொண்டு வந்த என் மனைவி கோமதியிடம்.

"பழசுலயும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள்.

"எதுக்கு? அதான் பாடுதே! காது கேக்கலையா?"

அவள் காபியை வைத்துவிட்டுப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து, நான் மாட்டிக்கொள்ளப் போகும் நேரங்களில் அவள் ஒன்றும் சொல்லாமல் போவதைக் கவனித்திருக்கிறேன். அன்று கவனிக்கவில்லை.

பழைய டிஸ்க்கை அங்கேயே ஃபார்மட் செய்து காலியாக்கினேன். கோமதியின் தம்பி பாஸ்கர் ரொம்ப நாளாக ஒரு டிஸ்க் கேட்டுக்கொண்டிருந்தான். மாமன் பெருந்தன்மையைக் காட்ட வேண்டாமா? கூப்பிட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, திருவிழாவுக்குப் பாட்டுகளைக் கடைசியாக ஒரு தடவை சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் பாட்டைத் திறந்தேன்.

பாட்டு வரவில்லை. ஒரு பட்டியல் வந்தது. மேலிருந்து கீழ் வரை சிவப்பு. இந்த ஃபைல் கிடைக்கவில்லை, இந்த ஃபைல் கிடைக்கவில்லை, இதுவும் கிடைக்கவில்லை. உடுக்கை கிடைக்கவில்லை, பம்பை கிடைக்கவில்லை, தேசிங்கு அண்ணன் கிடைக்கவில்லை. அடுத்த பாட்டைத் திறந்தேன், அதே சிவப்பு.  

யூடியூபில் தேடினேன். தாடி வைத்த ஒருவர் சாவகாசமாக விளக்கினார். நாம் 'ப்ராஜெக்ட்' என்று திறப்பதற்குள் சத்தமே இருக்காதாம். எந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்குமாம். சத்தம் வேறொரு ஃபோல்டரில் தனியாக இருக்குமாம். பழைய டிஸ்க் பக்கத்திலேயே செருகியிருந்தால், புது டிஸ்க்கில் திறந்தாலும், சத்தம் பழைய டிஸ்க்கிலிருந்துதான் வருமாம். "இது தெரியாமல் பழைய டிஸ்க்கை அழிப்பவர்களும் உண்டு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னைப் பார்த்தே சிரித்தார்.

புது டிஸ்க்கில் தேடல் கட்டத்தில் 'தேசிங்கு' என்று தட்டினேன். ப்ராஜெக்ட் மட்டும் வந்தது. 'அம்மன்' என்று தட்டினேன். அதே ப்ராஜெக்ட். 'ஆத்தா' என்று தட்டினேன். இந்தத் தடவை தட்டியதோடு நிற்காமல் வாய்விட்டும் சொன்னேன்போலிருக்கிறது, கோமதி ஓடி வந்தாள்.

"இன்னா ஆச்சி?"

"ஸ்கிப்புன்னு ஒண்ணு தட்டுனேன் கோமதி. அதுல அண்ணனையே தட்டி வுட்டுட்டேன்."

பாஸ்கருக்கு போன் செய்தேன். "டேய், அந்த டிஸ்க்க அப்படியே வெச்சிரு, தொடாத."

"தொடாம எப்படி மாமா? பாப்பா காதுகுத்து வீடியோ மொத்தமும் ஏத்திட்டேன். டிரோன் வெச்சி எடுத்தது. டிஸ்க்கு ரொம்பிப் போச்சி."

"காதுகுத்துக்கு எதுக்குடா டிரோனு?"

"அக்காதான் மாமா செய்யச் சொல்லிச்சி."

திரும்பிப் பார்த்தேன். அவன் அக்கா சமையலறைக்குப் போயிருந்தாள்.

டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு நேரு வீதிப் பக்கம் அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்றுக்கு ஓடினேன். கடைக்காரர் செருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வெறுமன அழிச்சிருந்தா எடுத்துடலாம் சார். மேல புதுசு ஏத்திட்டீங்க. கீழ இருந்தது வராது." பிறகு திரையைப் பார்த்து, "குழந்தை அழகா இருக்குது சார். உங்க பேத்தியா?" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த இரண்டாவது அடி.

வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தேன். மறுபடி பாடச் சொல்லலாம் என்றால், வாயைத் திறக்கக் கூடாத மனிதர். வேறு ஆளை வைத்துப் பாடவைக்கலாம் என்றால், அந்தக் குரலுக்கு வேறு ஆள் இல்லை. நானே பாடி, கம்ப்யூட்டரில் குரலைத் தடிக்கவைத்து, யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஒரு வரி பாடிக்கூடப் பார்த்தேன். கீழ்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

"நேராப் போயி சொல்லிடுங்க" என்றாள் கோமதி. "அந்த மனுஷன் ஒரு வார்த்த பேச மாட்டாரு."

"அவ்ளோ நல்லவரா?"

"டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு இல்ல?"

என் பயமே அதுதான். பேசக் கூடாது என்றால் கத்தவும் கூடாது. 'உன் பாட்டெல்லாம் போச்சு' என்று கேட்டால் எந்த மனிதன் கத்தாமல் இருப்பான்? அவர் ஒரு கத்து கத்தினால் ஆபரேஷன் போய்விடும். பாட்டைத் தின்றவன் தொண்டையையும் தின்றான் என்று ஊர் பேசும். அவர் கத்தாதபடி, ஆனால் உண்மையை, சொல்ல வேண்டும். கோமதியை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தேன். நான் ஆரம்பித்து இரண்டாவது வரியிலேயே அவள் கத்தினாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். தோளில் பை, அதில் லேப்டாப்பும் புது டிஸ்க்கும். லேப்டாப் எதற்கு என்றால், அந்தச் சிவப்புப் பட்டியலைத் திறந்து காட்டி, 'பாருங்க அண்ணே, கம்ப்யூட்டர் செய்த வேலையை' என்று பழியை அதன் தலையில் போட. (நான் அப்படிப்பட்டவன்தான். கோமதியைக் கேட்டுப் பாருங்கள்.)

நான் போனபோது அஞ்சலாட்சி அக்கா வாசலில் அருவாமணையை மிதித்து உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் துண்டோடு, வாயை இறுக்கி மூடி, தேசிங்கு அண்ணன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஒரு விரலைத் தூக்கினார்.

"வாங்க, இப்பதான் நெனச்சோம், வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கிறீங்களா, டீ குடிக்கிறீங்களான்னு கேக்குறாரு" என்றார் அக்கா.

ஒரு விரலுக்கு இவ்வளவு! அண்ணனும் ஆச்சரியமாகத்தான் மனைவியைப் பார்த்தார். பிறகு கையைக் காது பக்கம் வைத்து ஆட்டினார்.

"பாட்டு முடிஞ்சிதான்னு கேக்குறாரு. கோயில்ல ஸ்பீக்கருக்குச் சொல்லியாச்சாம். ஊரே காத்துகினு இருக்குதாம். நீ மட்டும் ஏதாவது சொதப்புன..."

அண்ணன் கையை வேகமாக ஆட்டி மறுத்தார். கடைசி வரி அக்காவின் சொந்தச் சரக்கு போலிருக்கிறது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போயிற்று. "அண்ணே, முதல்ல ஒண்ணு. கத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

அருவாமணையில் மீன் நின்றது.

"பாட்டு... அழிஞ்சி போச்சிண்ணே. எல்லாமே. நான்தான் அழிச்சிட்டேன்."

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கை தானாகக் கழுத்துத் துண்டுக்குப் போனது. தொண்டையைத் தடவிக்கொண்டே கடலைப் பார்த்தார். 

அக்கா கத்தினார்.

"இன்னாய்யா சொல்ற? அழிஞ்சி போச்சா? என் ஊட்டுக்காரன் தொண்ட கிழியக் கிழியப் பாடுனது அழிஞ்சி போச்சா? இன்னா, கோலமா அது, கால் பட்டு அழியறதுக்கு? எங்க, காட்டு! அந்த டப்பாவ எடுத்துக் காட்டு!"

ஒரு கையில் சங்கரா, அதன் வால் என் பக்கம் நீட்டியிருந்தது. லேப்டாப்பைத் திறந்து, அண்ணனின் மடியிலேயே வைத்து, புது டிஸ்க்கைச் செருகினேன். "பாருங்கக்கா, இப்ப வரும் பாருங்க, செவப்பா ஒரு லிஸ்ட்டு. அதுல எல்லாம் கெடைக்கலைன்னு அதுவே சொல்லும். நான் சொன்னா நம்ப மாட்டீங்க..."

பாட்டைத் திறந்தேன்.

சிவப்பு வரவில்லை. பம்பை வந்தது. உடுக்கை வந்தது. அதன் மேல் ஏறிக்கொண்டு, அந்தச் சின்ன லேப்டாப்பே அதிரும்படி, தேசிங்கு அண்ணன் வந்தார். ஆத்தாளைக் கூப்பிடும் அந்த முதல் வரி தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். "இன்னா, தேசிங்கு பாடுறானா? டாக்டர் பாடக் கூடாதுன்னாரே!" என்று ஒருவர் ஓடியே வந்தார்.

அடுத்த பாட்டைத் திறந்தேன். பாடியது. அதற்கடுத்தது. அதுவும் பாடியது. நான் திரையையே பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அண்ணன் தன் குரலைக் கேட்டபடி என் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த திகைப்பைப் பார்த்தார். அணில் பாட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கன்னம் உப்பியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் திறக்கப் போகிற கணத்தில், அக்கா சங்கராவைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, செதிலும் ரத்தமுமான கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"சிரிக்காதய்யா! சிரிக்காத! தொண்ட பிச்சிக்கும்! மூக்கால சிரி!"

அண்ணன் மூக்கால் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த மைக்கிலும் பதிந்ததில்லை.

வாயைப் பொத்திய கையை எடுக்காமலே அக்கா என் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் பண்ணி ஒக்காந்திருக்கிற மனுஷங்கிட்ட வெளையாட்டா? கத்த மாட்டேன்னு சத்தியம் வேற வாங்குறியா? அன்னிக்கே சொன்னேன், இவன் மூஞ்சிய நம்பாதன்னு!"

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. 'விளையாட்டு இல்லை அக்கா, என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது' என்று சொல்லி, ஊரறிய முட்டாள் ஆகலாம். அல்லது ஒரு நோயாளியிடம் விளையாடிய கொடூரன் ஆகலாம். ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரைக் காப்பாற்ற நினைத்தேன்.

"சும்மா... தமாசுக்குக்கா" என்றேன்.

எதிர்வீட்டுக்காரர்கள் நடுவில் வந்திருக்காவிட்டால், அந்தச் சங்கரா குழம்புக்குப் போகாமல் என் முதுகில் விழுந்திருக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சட்டையில் அக்காவின் ஐந்து விரலும் பதிந்திருந்தன, மீன் வாசனையோடு.

செடல் அன்று கோயில் ஸ்பீக்கரில் அண்ணனின் பதிவு பாட, தேர் நகர்ந்தது. நான் கூட்டத்தில் மறைந்து நின்றேன். மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொன்ன விழாக்குழுக்காரர், "பாட்ட அழிச்சிட்டேன்னு பொய் சொல்லி அண்ணன அழவெச்ச சவுண்டு சாருக்கும்" நன்றி சொன்னார். அக்காதான் எழுதிக் கொடுத்திருப்பார். மாதம் முடிந்து அண்ணனுக்குக் குரல் வந்தது. கொஞ்சம் தடித்து, ஆனால் அதே குரல். முதலில் எனக்குத்தான் போன் செய்தார். "யோவ்" என்றார், பிறகு ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு மொத்தத்தையும் சிரித்துவிட்டு, பேசாமலே வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இப்போதும் சாவி, மூக்குக் கண்ணாடி, கேஸ் புத்தகம், எது காணாமல் போனாலும் கோமதி தேடுவதில்லை. "காலாப்பட்டுக்கு எடுத்துகினு போங்க, கெடச்சிடும்" என்பாள். பாஸ்கரின் மகள்கூட, அவளுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது, பொம்மையைக் காணோம் என்றால் "காலாப்பத்து" என்கிறாள்.

நடந்தது இதுதான். பாட்டுகள் எதுவும் அழியவில்லை. நான் இழுத்துவிட்டபோதே சத்தங்களும் சேர்ந்து புது டிஸ்க்குக்கு வந்திருந்தன. அந்த 'ஸ்கிப்' தட்டிவிட்டது யாருக்கும் வேண்டாத ஏதோ ஒரு குப்பை ஃபைலை மட்டும்தான். கம்ப்யூட்டர் செருகுகிற ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கதவு எண் மாதிரி ஓர் எழுத்து கொடுக்கும். என் கூடத்துக் கம்ப்யூட்டர் பழைய டிஸ்க்குக்கு இ என்றும் புதியதற்கு எஃப் என்றும் கொடுத்திருந்தது. பாட்டுகள் எஃப்-இல் இருக்க, ப்ராஜெக்ட் பழைய முகவரியான இ-இல் போய்த் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்றது. லேப்டாப் அதே புது டிஸ்க்குக்கு இ என்று கொடுத்தது, கிடைத்துவிட்டது. பெயரைத் தட்டித் தேடியபோது வராததற்குக் காரணம், ப்ராஜெக்டுக்குப் பெயர் வைத்தேனே தவிர, பதிவு செய்த சத்தம் எதற்கும் நான் பெயர் வைத்ததில்லை. அண்ணனின் பாட்டெல்லாம் 'நியூ ஃபோல்டர் 2' என்ற ஃபோல்டருக்குள், வெறும் எண்களாகக் கிடந்தன. நான் நேரு வீதிக்கு ஓடியபோதும், சோபாவில் விழுந்து பாடியபோதும், காலாப்பட்டுக்கு பஸ் ஏறியபோதும் அந்த ஃபோல்டர் அங்கேயே இருந்தது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.